பண்ணையில் தூண்டில் போடலாமா? யாழ்ப்பாணத்து இறங்குதுறைகள் பற்றிய கேள்வி பதில்

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பண்ணைக் கடலில் தூண்டில் போட்டு வருகிறேன். கரையில் நின்று மீன் பிடிப்பது பற்றி என்ன கேட்டாலும் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, வெளிநாட்டில் தூண்டில் போடவென்றே கடலுக்குள் பாலம் கட்டி விட்டிருக்கிறார்கள். எங்கட பக்கம் அப்படி இருக்கா?

நான் போன எந்தக் கரையிலும் தூண்டில்காரருக்கென்று கட்டியதைக் காணவில்லை, தம்பி. எங்களுக்கு இருப்பது தாம்போதிகளும் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதிகள்) வள்ளம் கட்டும் இறங்குதுறைகளும்தான். டவுனுக்கு மிகக் கிட்ட இருப்பது பண்ணை. கோட்டையைத் தாண்டினால் மண்டைதீவுப் பக்கம் போகும் தாம்போதி. வடமேற்கே போனால் காரைநகருக்குப் போகும் பொன்னாலைத் தாம்போதி. தென்மராட்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். இறங்குதுறை என்றால் குருநகர், ஊர்காவற்துறை, குறிகட்டுவான், பருத்தித்துறை. இவை எல்லாமே தொழில் நடக்கும் இடங்கள். வள்ளம் வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு விலகுங்கள், கயிறு எறிந்தால் பிடித்துக் கொடுங்கள். இரண்டாம் தடவை போகும்போது அவர்களே இடம் காட்டுவார்கள்.

நல்லூரிலிருந்து: பண்ணையில் எந்த இடத்தில் நின்றால் மீன் படும்?

களப்பு, அதாவது பண்ணைக் கடல், ஆழமில்லை, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அதனால் தூரத்துக்கு வீசுவதில் பெரிய பலன் இல்லை, நீரோட்டம் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். தாம்போதிக்குக் கீழே தண்ணீர் ஓட விட்ட கண்களுக்கு அருகே நில்லுங்கள். பெருக்கு ஏறும்போதும் வற்று இறங்கும்போதும் அந்த வாய்களில் தண்ணீர் இழுக்கும், இரையும் அதோடு வரும், மீனும் பின்னால் வரும். பறுவத்தையும் (பௌர்ணமி) அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் இழுவை கூட. அட்டமி, நவமியில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும், அன்றைக்கு நான் பெரும்பாலும் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்ணையில் தடிகள் வரிசையாக நட்டிருப்பது தெரியும், அது சிறகுவலை, தடிகளில் கட்டிய மீன்பிடி வலை. ஓ.எல். சோதனை எடுத்த வருடம் என் தூண்டில் ஒழுக்கில் போய் ஒரு சிறகுவலையில் ஏறிவிட்டது. நான் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், வலை கிழிந்தது. வலைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, தூண்டில் முள்ளை வலையின் ஒவ்வொரு கண்ணாகக் கழற்றி எடுத்தார். அரை மணித்தியாலம் ஆனது. ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் முள்ளை என் கையில் தந்து, "தடிக்குக் கிழக்கால எறி, இஞ்சால எறியாத" என்று மட்டும் சொன்னார். பிறகு கிழிந்த இடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தார். அதன் பிறகு வலை எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல் நான் தூண்டில் எறிந்ததில்லை. நீங்களும் எறியாதீர்கள்.

மானிப்பாயிலிருந்து: என்ன சாமான் வேண்டும்? விலை கூடின றீல் வாங்க வேண்டுமா?

வேண்டாம். தங்கூசி (நைலோன் நூல்), சின்னத் தூண்டில் முள் நாலைந்து, ஈயக்குண்டு, மிதப்புக்கு ஒரு றெஜிபோம் துண்டு போதும். தங்கூசியைப் போத்தலில் சுற்றி, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடியுங்கள். மீன் கொத்துவது விரலுக்குத்தான் முதலில் தெரியும். இரைக்கு உரித்த இறால் அல்லது கணவாய்த் துண்டு. ஓராவுக்கு மட்டும் பாண் உருண்டை போடுங்கள். அது சாதாழை (கடற்புல்) மேய்கிற மீன், மாவுக்கு நன்றாக வரும். விறுக்கென்று இழுக்காது, மெதுவாகக் கடித்துக் கடித்து இரையைத் தின்றுவிடும். பெரிய முள்ளைப் போட்டால் பாண் போகும், மீன் வராது.

அறுந்த தங்கூசியைக் கடலிலோ கல்லிடுக்கிலோ விடாதீர்கள். கொக்கின் காலில் சுற்றினால் அது சாகும் வரைக்கும் கழலாது. சுருட்டிப் பொக்கற்றில் போடுங்கள்.

கனடாவிலிருந்து, ஆடியில் வருபவர்: பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

ஆடி சோளகக் காலம், தென்மேற்குக் காற்று வீசும். தீவுப் பக்கக் கடல் அலைக்கும், குறிகட்டுவானில் காற்று பிள்ளைகளைத் தள்ளும். நயினாதீவுக்குப் படகு ஏறுவதும் அங்கேதான், அதனால் நயினாதீவுத் திருவிழா நாட்களில் அந்தத் துறையில் நிற்கவே இடமிருக்காது, அப்போது தூண்டிலோடு போவது சரியில்லை. அந்த மாதங்களில் பருத்தித்துறைப் பக்கம் ஒப்பீட்டளவில் அடக்கமாக இருக்கும். ஆனால் அடியில் முருகைக்கல் (பவளப்பாறை), தூண்டில் முள் அடிக்கடி மாட்டும், கூடுதலாகக் கொண்டு வாருங்கள். வாடைக் காற்று (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் எல்லாம் தலைகீழ்: வடகரை கொந்தளிக்கும், அப்போது களப்புப் பக்கம் வாருங்கள்.

பண்ணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒருவர் மீன் பிடியுங்கள், ஒருவர் பிள்ளைகளைப் பாருங்கள். பின்னால் பஸ் ஓடும், முன்னால் கண்களில் தண்ணீர் இழுக்கும். வீசும் முன் முதுகுக்குப் பின்னால் ஒரு தரம் பாருங்கள், சைக்கிள்காரர் வந்தால் போக விடுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: ஓரா குத்தினால் என்ன செய்வது? போன மாதம் கை இரவு முழுக்கக் கடுத்தது.

ஓராவின் முதுகிலும் வயிற்றிலும் இருக்கும் முட்களில் நஞ்சு உண்டு. கெளிற்றின் முள்ளிலும் திருக்கையின் வால் முள்ளிலும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சு சூட்டில் செயலிழக்கும். காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் கையை வையுங்கள், அரை மணி முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை. கடுத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையால் தொட்டுப் பார்த்து வையுங்கள், வெந்துவிடக் கூடாது. முள் உடைந்து உள்ளே நின்றாலோ, திருக்கை ஆழமாகக் குத்தினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மீனைக் கழற்றும்போது ஈரச் சாக்கால் தலைப்பக்கமிருந்து பொத்திப் பிடித்தால் முள் படுத்துவிடும். பேத்தை மீன் பட்டால் வயிற்றை ஊதிக்கொண்டு வரும். அதைச் சட்டிக்குள் போட நினைக்கவே வேண்டாம், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

அரியாலையிலிருந்து: யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

முதல் நாள் தூண்டில் இல்லாமல் போங்கள். துறைக்குப் பக்கத்தில் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடம் இருக்கும், அங்கே கேளுங்கள். எந்த நேரம் வள்ளம் வரும், எந்த மூலை வெறுமையாக இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கடற்படை நிற்கும் இடங்களில் கட்டாயம் கேட்டுவிட்டு நில்லுங்கள். குருநகரில் காலையில் மீன் ஏலம் கூறும் நேரத்தில் தூண்டிலோடு இடையில் நிற்க வேண்டாம், பின்னேரம் போங்கள்.

சுன்னாகத்திலிருந்து: விரலளவு மீன்தான் படுகிறது. வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

கூழுக்கு நாலு வேண்டுமென்றால் எடுங்கள். மற்றதை ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, எறியாமல் தண்ணீரில் இறக்கி விடுங்கள். சினை நண்டு வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பாசையூரிலும் குருநகரிலும் வலை வைப்பவர்களுக்கு அடுத்த வருடம் அது வேண்டும்.