படம் தொடங்க முன் தியேட்டரில் பகிடி விடலாமா?

கேள்வி: நானும் என்னோடு வேலை செய்யும் ஐந்து பேரும் வேலை முடிந்து அடிக்கடி இரவுக் காட்சிக்குப் போவோம். போன முறை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு தியேட்டரில் டிரெய்லர் ஓடிக்கொண்டிருந்த நேரம் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த அன்ரி ஒருவர் திரும்பி, "பிள்ளையள், இதை வீட்டில இருந்து கதைக்கலாமே?" என்று கேட்டுவிட்டார். எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. படம் அப்போது தொடங்கவே இல்லை. படத்துக்கு முன் கதைப்பதும் பிழையா? — வாசகி ஒருவர், தெஹிவளை

பதில்: பிழையே இல்லை. நாலு பேர் சேர்ந்து தியேட்டருக்குப் போவதே, இருந்து கதைத்துச் சிரிக்கவும் சேர்த்துத்தான். பொப்கோர்ன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகக் கதை பேசி, ஒருவரை ஒருவர் நக்கலடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் பறித்துவிட்டால் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அந்த அன்ரி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் கதைத்ததில் அவருக்குப் பிரச்சினை இருந்திருக்காது. எந்த நேரத்தில், எவ்வளவு சத்தமாகக் கதைத்தீர்கள் என்பதுதான் பிரச்சினை.

பலர் எல்லைக்கோட்டைப் படம் தொடங்கும் இடத்தில் போடுகிறார்கள். அதை வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள் என்பேன். மண்டபத்தில் முழு வெளிச்சம் இருக்கும்வரை அது ஒரு பொது இடம், அவ்வளவுதான். ஆக்கள் வருவார்கள், இருக்கை தேடுவார்கள், பிள்ளைகள் படியில் ஏறி இறங்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் சிரிப்பதை ஒருவர் குறை சொன்னால், குறை அவரிடம். வெளிச்சம் மங்கி விளம்பரமும் டிரெய்லரும் ஓடும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வசனம், ஒரு சின்னப் பகிடி போதும். நீட்டி முழக்கிக் கதை சொல்லும் நேரம் அது இல்லை. சிலருக்கு டிரெய்லரும் காட்சியின் பகுதிதான். தங்களுக்குப் பிடித்த நடிகரின் அடுத்த படத்தைப் பெரிய திரையில் முதல் தடவை பார்க்க ஆசையாக வந்திருப்பார்கள். வெளிச்சம் முழுதாக அணைந்து தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்துவிட்டால் வாய்க்கும் பூட்டு. தேசிய கீதம் போடும் அரங்கானால் அதற்கும் அப்படித்தான். எழுந்து நின்றபடி பாதிக் கதையைத் தொடரக்கூடாது.

டிரெய்லர் நேரம்தான் ஆபத்தான நேரம். அதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நேரத்தில் உங்கள் குரல் உங்கள் சொல் கேட்காது. பிரான்ஸ் நாட்டுக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் எத்தியென் லொம்பார்ட் 1911இல் எழுதிய ஒரு விடயம் இது: சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். இன்றும் அதை லொம்பார்ட் விளைவு என்றே சொல்கிறார்கள். இப்போது தியேட்டரை நினைத்துப் பாருங்கள். நாம் சாதாரணமாகக் கதைக்கும்போது ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 60 டெசிபல் சத்தம் கேட்கும். அமெரிக்க டிரெய்லர்களுக்கு அந்தத் துறையினர் தாங்களே வைத்துக்கொண்ட உச்சவரம்பு 85 டெசிபல். அது கணக்கெடுத்த சராசரி அளவு. வெடி விழும் கணத்தில் அதைவிடக் கூடுதலாகவே காதில் விழும். அந்தச் சத்தத்துக்கு மேலாக நண்பிக்குப் பகிடி சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். நீங்கள் கத்துவது உங்களுக்கே தெரியாது. பிறகு டிரெய்லர் பட்டென்று நின்று திரை கறுப்பாகும். அந்த இரண்டு செக்கனில் உங்கள் பகிடியின் கடைசி வரி மட்டும் தனியாக மண்டபம் முழுவதும் போய் விழும். அலுவலக மேலாளரைப் பற்றிய வரியாக இருந்தால், சொல்லத் தேவையில்லை. தியேட்டர் சுவர்களில் சத்தத்தை உறிஞ்சும் துணியும் பலகையும் அடித்திருப்பதால் எதிரொலியும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்.

ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் அலறும்போது வாயைத் திறக்காமல் இருங்கள். சத்தம் குறைந்த பிறகு தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். நல்ல பகிடி என்றால் அரை நிமிடம் பொறுத்தும் நன்றாகவே இருக்கும். இன்னொன்று, குசுகுசுப்பதை நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். குசுகுசுப்பில் காற்றுச் சத்தம்தான் அதிகம், அதிலும் "ஸ்", "ச்" எல்லாம் ஊசிபோலக் காதில் குத்தும். தலையைச் சரித்து, காதருகில், தாழ்ந்த சாதாரணக் குரலில் சொல்வது பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த அளவுக்கு உறுத்தாது.

போன் இதைவிட மோசம். 2010இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேரும் கதைப்பதைக் கேட்டவர்களைவிட, ஒருவர் மட்டும் கதைக்கும் பாதி உரையாடலைக் கேட்டவர்களின் கவனம் அதிகமாகச் சிதறியது. மற்றப் பாதியை மூளை தானாக ஊகிக்கத் தொடங்குவதுதான் காரணம் என்றார்கள். "ஓம்... ஓம்... எங்க? சவோய்க்குப் பக்கத்திலயா?" என்று நீங்கள் சொன்னதும் பக்கத்து ஆறு பேர் தங்களை அறியாமலே உங்கள் வீட்டுக் கதைக்குள் வந்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கதைத்து முடியுங்கள், இல்லாவிட்டால் வெளியே போய்க் கதையுங்கள்.

எவ்வளவு சத்தம் என்பதோடு, எதைப் பற்றிய பகிடி என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். கொழும்புத் தியேட்டர் ஒன்றில் தமிழ்ப் படம் ஓடினால், ஒரே வரிசையில் யாழ்ப்பாணத்தார் இருப்பார், கொட்டகலையிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் பெடியன் இருப்பான், கொம்பனித்தெரு முஸ்லிம் குடும்பம் இருக்கும், உபதலைப்பை வாசித்துப் படம் பார்க்கும் சிங்களவரும் இருப்பார். அப்படி வரும் சிங்களவர்களில் பலருக்கு நீங்கள் நினைப்பதைவிடத் தமிழ் விளங்கும். ஒருவர் பேசும் தமிழை, ஊரை, தோட்டத்தை, சாதியை, சமயத்தை வைத்து விடும் பகிடி உங்கள் ஆறு பேருக்குள் பழகிப்போன விளையாட்டாக இருக்கலாம். பின்வரிசையில் இருப்பவருக்கு அது தன்னைப் பற்றிய நக்கல். எழுந்து போகவும் முடியாது, திருப்பிச் சொல்லவும் முடியாது, காசு கொடுத்து வாங்கிய இருக்கையில் இரண்டரை மணித்தியாலம் அதைச் சுமந்துகொண்டு இருப்பார். பிந்தி வந்து இருட்டில் தடுமாறும் ஆளைப் பார்த்து விடும் பகிடியும் அந்த வகைதான். நண்பரைப் பகிடி பண்ணுங்கள், உங்களை நீங்களே பண்ணுங்கள், பல் தேய்க்கும் விளம்பரத்தைப் பண்ணுங்கள்.

கதையை உடைப்பதும் கூடாது. "இடைவேளைக்கு முதல் அவன் செத்திடுவான்" என்ற மாதிரி ஒரு வசனம் போதும், முன்னால் இருப்பவரின் டிக்கட் காசு வீண். உள்ளே மட்டுமில்லை, முதல் காட்சி முடிந்து வெளியே வரும்போதும் இது நடக்கிறது. அடுத்த காட்சிக்கு நிற்கும் ஆக்களைத் தாண்டித்தான் நீங்கள் வருகிறீர்கள். ரோட்டுக்கு வந்து கதையுங்கள்.

முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி ஒருவர் குரல் கொடுப்பதை நான் முற்றாக மறுக்கமாட்டேன். காட்சி பிந்தி, திரை வெறுமையாக நிற்கும்போது பின்னால் இருந்து ஒரு பெடியன் சரியான நேரத்தில் ஒரு வார்த்தை விட்டால் முந்நூறு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள், எரிச்சல் போய்விடும். ஒரு தடவை. அதே ஆள் அந்தச் சிரிப்பில் மயங்கி இரண்டாவதும் மூன்றாவதும் விடத் தொடங்கினால் மண்டபமே அவருக்கு எதிராகத் திரும்பிவிடும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் முதல் நாள் முதல் காட்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. விசில், கைதட்டல், பெயர் சொல்லிக் கூவுவது எல்லாம் அங்கே வருபவர்கள் எதிர்பார்த்து வருவது. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் ஒரு கிழமை பொறுத்து வாரநாள் பகல் காட்சிக்குப் போகலாம்.

சரி, அன்ரி திரும்பிப் பார்த்த இடத்துக்கு வருவோம். அந்த நேரத்தில் "படம் இன்னும் தொடங்கேல்லையே" என்று வாதாடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், வாதாடும் சத்தம் முதல் சத்தத்தைவிடப் பெரிதாகிவிடும். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி, மெதுவா கதைக்கிறம்" என்றால் போதும். பெரும்பாலும் அவரே சிரித்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

நாளைக்கு நீங்களே அந்த அன்ரியின் இடத்தில் இருக்க நேரலாம். வெளிச்சம் இருக்கும்வரை பேசாமல் இருங்கள்; அனேகமானவர்கள் தாங்களாகவே அடங்குவார்கள். மங்கிய பிறகும் ஓயாவிட்டால், முறைக்காமல், "ச்ச்ச்" என்று சத்தமிடாமல், பாதி திரும்பி, "தம்பி, கொஞ்சம் மெதுவா கதைக்கிறீங்களா?" என்று ஒரு தடவை கேளுங்கள். சிங்களத்தில் கதைக்கும் பெடியன் என்றால் "மல்லி, பொட்டக் ஹெமின்" என்றால் விளங்கும். அவர்கள் மொழியில் கேட்டால் கோபிக்கமாட்டார்கள். அதற்கும் அடங்காவிட்டால் தியேட்டர் ஊழியரிடம் சொல்லுங்கள், அதையும் விளம்பரம் ஓடும்போதே செய்யுங்கள். படம் தொடங்கிய பிறகு அவர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தால் முழு வரிசைக்கும் இடைஞ்சல்.

கடைசியாக, ஆறு பேர் போகும் உங்களைப் போன்ற கூட்டத்துக்கு: ஆறு இருக்கையும் ஒரே வரிசையில் எடுக்காதீர்கள். ஒரு முனையில் இருப்பவர் மற்ற முனைக்குச் சொல்ல நாலு பேரைத் தாண்டிக் குரல் போக வேண்டும். முன்னுக்கு மூன்று, அதற்கு நேர் பின்னால் மூன்று என்று எடுத்தால் எல்லோரும் கிட்டத்தில். பின்னால் இருப்பவர் குனிந்தாலே போதும். உங்களுக்குள் அதிகம் பகிடி விடுபவர் யாரோ, அவரை நடு இருக்கையில் இருத்துங்கள்.