வீட்டுக்கு வரும் பாலை வாங்குபவரே பரிசோதனைக்கு அனுப்பலாமா?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் பல வீடுகளில் பால் வாங்கி, ஒரே கேனில் கொண்டுவந்து எங்கள் தெருவுக்கு ஊற்றுகிறார் ஒருவர். சில மாதங்களாகக் காய்ச்சினால் ஆடை படிவதில்லை. மகனுக்கு இருமுறை வயிற்றுப்போக்கு வந்தது. லாக்டோமீட்டரில் அளவு சரியாகவே இருக்கிறது; ஆனால், தனியார் ஆய்வகம் தரக்குறைவு என்று அறிக்கை தந்துள்ளது. பால்காரரோ, "வெளியே சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவேன்" என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் லாக்டோமீட்டரை ஒதுக்கி வையுங்கள். அது காட்டுவது பாலின் அடர்த்தியை மட்டுமே. தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும், கொழுப்பை எடுத்தால் ஏறும். ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் இரண்டும் ஈடாகி, கருவி நல்ல பால் என்றே சொல்லும். பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் கொழுப்பற்ற திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பதே விதி; இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும்.

தனியார் ஆய்வக அறிக்கை பயனற்றது அல்ல. புகாருக்கு அது நல்ல அடிப்படை. ஆனால் "அது நான் ஊற்றிய பால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று பால்காரர் கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. இந்த வகை வழக்குகள் பெரும்பாலும் பாலின் தரத்தில் தோற்பதில்லை, மாதிரி எடுத்த விதத்தில்தான் தோற்கின்றன.

உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் 40ஆம் பிரிவு, பொருளை வாங்கும் எவரும் உரிய கட்டணம் செலுத்தி, அரசின் உணவு பகுப்பாய்வாளரிடம் அதைப் பரிசோதிக்கலாம் என்கிறது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்பதை வாங்கும் நேரத்திலேயே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் தவறவிட்டது இதைத்தான். பால் விதிமீறல் என்று தெரிந்தால் கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்; அறிக்கையும் நேரே மாவட்டத்தில் இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரியான நியமன அலுவலருக்குப் போகும். உங்கள் மாவட்டத்துக்கான பகுப்பாய்வுக் கூடம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

ஆயினும், முன்கூட்டிச் சொன்னால் மறுநாள் பால் நன்றாகவே வரும் என்பது யாருக்கும் தெரிந்ததே. ஆகவே நியமன அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, உணவு பாதுகாப்பு அலுவலர் பால் வரும் நேரத்திலேயே தெருவுக்கு வந்து மாதிரி எடுக்கும்படி கேட்பதே என் பரிந்துரை. 47ஆம் பிரிவின்படி அவர் விற்பவருக்கு எழுத்தில் அறிவிப்புத் தந்து, மாதிரியை நான்காகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பகுதி பகுப்பாய்வாளருக்கும், இரண்டு பகுதிகள் நியமன அலுவலருக்கும் செல்லும். மீதமுள்ள ஒன்றை, விற்பவர் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பால் திரிந்துவிடாதிருக்க மாதிரியில் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தை விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அலுவலரே கலப்படம் செய்கிறார் என்று பதற வேண்டாம். மாதிரி கிடைத்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யப் பால்காரருக்கும் உரிமை உண்டு.

"நான் விவசாயி, இந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது" என்று அவர் வாதிடக்கூடும். 18(3) பிரிவு விவசாயிக்கு விலக்கு அளிப்பது உண்மைதான். தன் மாட்டைக் கறந்து தானே ஊற்றுபவர் அந்த வாதத்தை ஓரளவு முன்வைக்கலாம். பல வீடுகளில் வாங்கிக் கலந்து விற்பவர் வியாபாரி, அவருக்கு அது உதவாது என்பது என் கருத்து.

தண்ணீர் மட்டும்தான் என்றால் அது பொதுவாக 'தரம் குறைந்த' பால். மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறை இல்லை. குறைவு சிறிதளவே என்பது தப்பிக்கும் வழியாகாது என்று, பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழான ஒரு பால் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. உடலுக்குக் கேடான பொருள் கலந்திருந்து பால் 'பாதுகாப்பற்றது' என்றானால்தான் 59ஆம் பிரிவின்படி குற்றவழக்கும் சிறையும் வரும். எனவே புகாரில் 'தண்ணீர்' என்று மட்டும் எழுதாமல் மகனின் உடல்நிலையையும் சேர்த்து, சோப்புத்தூள், யூரியா போன்றவற்றுக்கும் சோதிக்கக் கேளுங்கள்.

மகனுக்கான இழப்பீட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாலால்தான் நோய் வந்தது என்று நிறுவ வேண்டும். மருத்துவரின் சீட்டுகளும் பால் கணக்குப் புத்தகமும் இல்லாமல் அது கடினம்.

மானநஷ்ட மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். அதிகாரம் உள்ள அலுவலரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது என்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356ஆம் பிரிவிலேயே விதிவிலக்காக உள்ளது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரோடு அந்தத் தனியார் அறிக்கையைப் பகிர்வது வேறு. அரசு அறிக்கை வரும்வரை அதைச் செய்யாதீர்கள்.