பலூனை உடைக்க 300 படிகள் எதற்கு?
ஒரே குத்தில் முடியும் வேலைக்கு, ஒன்று அடுத்ததைத் தட்டி எழுப்பும் பல படிகள் வைத்து மாணவர்கள் ஏன் இப்படிச் சுற்றி வளைத்து இயந்திரம் கட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் படித்துவிட்டு கேலிச்சித்திரக்காரர் ஆன அமெரிக்கர் ரூப் கோல்ட்பர்க் வரைந்த விசித்திரக் கருவிகள்தான் இதற்கு மூலம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1949-ல் இப்படிப்பட்ட இயந்திரங்களைக் கட்டும் போட்டி தொடங்கியது. 2012-ல் அங்குள்ள அணி ஒரு பலூனை ஊதி உடைக்க 300 படிகள் வைத்தது!

கஷ்டம் எல்லாம் ஒரு படி அடுத்ததை எழுப்பும் இடத்தில்தான். கோலி கொஞ்சம் மெதுவாக வந்தால் டோமினோ கட்டை லேசாக ஆடிவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 99 தடவை சரியாக ஓடினாலும், 50 படிகள் சேர்ந்தால் முழு இயந்திரமும் ஓடுவது சுமார் 60 தடவைதான். அதனால் தேவையான சக்தியை அந்தந்தப் படியிலேயே முன்கூட்டிச் சேமித்து வைப்பார்கள்: தூக்கி நிறுத்திய எடை, இழுத்து மாட்டிய ரப்பர் பேண்ட். அப்புறம் அதைப் பிடித்திருக்கும் கொக்கியைக் கோலி நகர்த்தினாலே போதும்.