முறுக்கு: அடுப்படியிலும் ஊசியிலும்

கேள்வி: முறுகல் தோசை, கை முறுக்கு, நூல் முறுக்கு எல்லாம் ஒரே சொல்தானா? (வாசகி, தேவகோட்டை)

வேர் ஒன்றுதான். முறுகு தன்வினை, முறுக்கு பிறவினை. உருகு, உருக்கு போல. நூல் தானாகத் திருகி இறுகினால் முறுகுகிறது, நாம் திரித்தால் முறுக்குகிறோம். அடுப்படியில் அதே முறுகு, ஈரம் வற்றிச் சிவந்து மொறுமொறுப்பாவதைச் சொல்லும். தோசையை யாரும் திரிப்பதில்லையே! திரிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கை முறுக்கைப் பாருங்கள். அச்சில் பிழியும் தேன்குழலில் திரிப்பே கிடையாது. அதைக் குழல் என்பதுதான் பொருத்தம். மாப்பிள்ளை முறுக்கு தனி ரகம். அதற்கு மாவு வேண்டாம்.

கேள்வி: கை முறுக்கு சுற்றும்போதே விண்டுபோகிறது. தப்பிச் சுற்றினால் எண்ணெயில் பிரிகிறது. (வாசகி, காரைக்குடி)

இரண்டும் வேறு வேறு கோளாறு. சுற்றும்போது விண்டால் மாவு காய்ந்திருக்கிறது, அல்லது சலித்தது நைஸாக இல்லை. அரிசி மாவுக்குக் கோதுமை போல இழுவை கிடையாது. ஈரமும் உளுந்தின் பசையும்தான் பிடிமானம். பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் உலர்த்தி, தொட்டால் லேசாக ஈரம் தெரியும்போதே இடித்துச் சலியுங்கள். 4 கப் மாவுக்கு, வறுத்துப் பொடித்த உளுந்து மாவு கால் கப், வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, சீரகம். மொத்தமாகப் பிசையாதீர்கள். ஒரு கை மாவைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மீதியை ஈரத்துணியால் மூடிவையுங்கள்.

விரலில் எண்ணெய் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் திரித்தபடியே வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். திரிப்பு ஒரே பக்கமாக இருக்க வேண்டும். நடுவில் மாற்றித் திருகினால் அந்த இடத்தில்தான் விரிசல் விழும். கால் மணி நேரம் துணியில் கிடந்தால் மேல் ஈரம் இழுத்துவிடும், எடுக்கும்போது உடையாது.

எண்ணெயில் பிரிந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. கொஞ்சம் வெறும் அரிசி மாவு சேருங்கள். எண்ணெய் குடித்தால் சூடு போதவில்லை. சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை முந்தியில் நூலை முறுக்கிக் குஞ்சம் கட்டினால் மறுநாளே அவிழ்கிறது. (வாசகி, பள்ளத்தூர்)

ஒரே கொத்தாக முறுக்கியிருப்பீர்கள். அது அவிழத்தான் செய்யும். கொத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனியே வலப்பக்கமாக, சுருண்டு மடங்கப் பார்க்கும் அளவுக்கு முறுக்குங்கள். பிறகு சேர்த்துப் பிடித்து இடப்பக்கமாகத் திரித்து நுனியில் முடிச்சுப் போடுங்கள். ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது இறுகும். கயிறு திரிப்பதும் இப்படித்தான்.

கேள்வி: கையால் தைக்கும்போது நூல் சிக்குகிறது. வேறொரு நூல் மிஷினில் பிரிந்து அறுகிறது. (வாசகி, கானாடுகாத்தான்)

கையில் ஒவ்வொரு தையலுக்கும் ஊசி கொஞ்சம் உருள்கிறது, நூலில் முறுக்கு ஏறுகிறது. ஒரு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கை இறக்கிவிடும்.

மிஷின் நூலை நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். இழைகள் இடது கீழிலிருந்து வலது மேலாகச் சாய்ந்திருந்தால் இசட் முறுக்கு. தையல் விழ விழ அது இறுகும். எதிர்ப்பக்கம் சாய்ந்த எஸ் முறுக்கு நூல், ஊசிக் காதிலேயே பிரிந்து பஞ்சாகி அறுந்துவிடும். அதைக் கைத்தையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.