மூன்று வருடமா, ஏழு வருடமா? – டொக்டர் பதில்கள்

இந்த வாரம் பிரஷர், கொலஸ்ட்ரோல் கேள்விகளை ஒதுக்கி வைக்கிறேன். டொக்டர்மாரைப் பற்றியே கடிதங்கள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. ஓய்வு பெறும் வரை தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தவள் நான். அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டி டொக்டரைப் பார்க்கும் சனலிங் சென்டரின் போர்ட்டில் ஒரு டொக்டருக்கு எம்.பி.பி.எஸ்., எம்.டி. என்று மட்டும் போட்டிருக்கிறது. அடுத்தவருக்கு இரண்டு வரி நீளத்துக்கு லண்டன் எழுத்துகள். யாரைச் சனல் பண்ணுவது?
– வாசகர், தெஹிவளை

எழுத்துகளை எண்ணாதீர்கள். அவற்றில் சில பயிற்சியின் நடுவில் எழுதும் பரீட்சைகள். எம்.ஆர்.சி.பி. என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பரீட்சையைப் பாஸ் பண்ணிய பிறகும், பிரிட்டனிலேயே கொன்சல்டன்ட் ஆகப் பல வருடம் பயிற்சி எடுக்க வேண்டும். ஒரே எழுத்துகள் ஊருக்கு ஊர் வேறு அளவில் ஓடுவதும் உண்டு. இந்தியாவில் எம்.டி. மூன்று வருடம், முடித்தால் நிபுணர். இங்கே இலங்கையில் எம்.டி. பாஸ் பண்ணிய பிறகும் சீனியர் ரெஜிஸ்ட்ரார் என்ற மூத்த பயிற்சி டொக்டராக இருக்கும் காலம், வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. அவை முடிந்து பட்டப்பின் மருத்துவ நிறுவகம் போர்ட் சான்றிதழ் என்ற நிபுணர் சான்றிதழைக் கொடுத்த பிறகுதான் ஒருவர் விசேட வைத்திய நிபுணர். அதைக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டொக்டரை விட்டுவிடுங்கள்.

மகள் எம்.டி. முடித்து சீனியர் ரெஜிஸ்ட்ராராக இருக்கிறாள். இன்னும் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டுமாம். இங்கே பாஸ் பண்ணியது அங்கே செல்லாதாம், அங்கே படித்தது இன்னொரு நாட்டில் செல்லாதாம். உலகம் முழுவதற்கும் ஒரே பரீட்சை வைத்தால் என்ன?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

அம்மா, பரீட்சை வைப்பது இதில் சுலபமான பகுதி. எம்.ஆர்.சி.பி.யின் கிளினிக்கல் பரீட்சை கொழும்பிலேயே நடக்கிறது. நமது எம்.டி. பரீட்சைகளுக்கும் வெளிநாட்டுப் பரீட்சகர்கள் வந்து உட்காருகிறார்கள். வில்லங்கம் எல்லாம் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே.

ஐரோப்பாக்காரர் இதோடு அறுபது வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். 1957இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையை உண்டாக்கிய ரோம் ஒப்பந்தம். அடுத்த வருடமே மருத்துவ நிபுணர்களின் சங்கங்கள் சேர்ந்து ஐரோப்பிய மருத்துவ நிபுணர்கள் ஒன்றியத்தை அமைத்துக்கொண்டன. எல்லை திறந்தால் டொக்டரும் வருவார், அவர் கையில் நோயாளியை எதை நம்பிக் கொடுப்பது என்ற கவலைதான். இன்று அங்கே ஒரு சட்டமும் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் வருடத்துப் பணிப்புரை. ஒவ்வொரு துறைக்கும் ஆகக் குறைந்தது எத்தனை வருடப் பயிற்சி என்று அது சொல்கிறது. பொதுச் சத்திரசிகிச்சைக்கு 5, குழந்தை மருத்துவத்துக்கு 4, மயக்க மருந்துக்கு 3. அதன்படி ஒரு நாட்டில் நிபுணரானவரை மற்ற உறுப்பு நாடுகள் கேள்வி இல்லாமல் ஏற்க வேண்டும்.

என் துறைக்கு வெறும் 3! அந்த மருத்துவ நிபுணர்கள் ஒன்றியமே குறைந்தது 5 வேண்டும் என்கிறது. ஆனால் அது பரிந்துரை, சட்டமில்லை. ஜெர்மனியில் 5. பிரிட்டனில் 7. நோயாளியின் சுவாசக்குழாய் எல்லா ஊரிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

சட்டம் வருடத்தைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வருடத்தை எண்ண ஒரு கிளார்க் போதும். கைவேலையை எடைபோட மூத்த டொக்டர் ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும், அவருக்கோ நேரமில்லை.

சிசேரியனுக்கு ஸ்பைனல் கொடுப்பதை, அதாவது முதுகில் ஊசி போட்டு உடம்பின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்வதை எடுங்கள். பயிற்சி டொக்டரான ரெஜிஸ்ட்ரார் செய்த வேலைகளைப் பதியும் லொக்புக்கில் அது ஒரு வரி. திகதி, தாயின் வயது, ஸ்பைனல், பிரச்சினை இல்லை. முதுகில் ஊசி சரியாக இறங்கித் தெளிந்த நீர் சொட்டினால் பாதி வேலைதான் முடிந்தது. மருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் தாய், "டொக்டர், சத்தி வாற மாதிரி இருக்கு" என்பாள். கையில் கட்டிய பட்டி இன்னும் ஊதிக்கொண்டிருக்கும், மொனிட்டரில் எண் வந்திருக்காது. பிரஷர் விழுகிறது என்று அந்தப் பேச்சிலேயே விளங்கிக்கொண்டு, அவளை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, பிரஷரை ஏற்றும் பினைலெப்ரின் சிரிஞ்சுக்குக் கை போக வேண்டும். கை தானாகப் போனதா, பக்கத்தில் நின்றவர் சொல்லிப் போனதா? லொக்புக்கில் அது இருக்காது. ஐம்பது ஸ்பைனல் எழுதியவரும் தனியே விடத் தகுதியில்லாதவராக இருக்கலாம்.

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்து ஓலே டென் கேட் என்ற மருத்துவக் கல்வி ஆய்வாளர் 2005இல் இதற்கு ஒரு வழி எழுதினார். ஒவ்வொரு வேலைக்கும் படிகள் வைப்பது. முதலில் பார். பிறகு நான் பக்கத்தில் நிற்கச் செய். பிறகு நான் கூப்பிடு தூரத்தில் இருக்கச் செய். நாலாவது தனியாகச் செய். கடைசியில் இளையவருக்குச் சொல்லிக்கொடு. எந்த வேலையில் எந்தப் படி என்று மேற்பார்வை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் வைக்காமல் நாங்களும் இதைத்தான் செய்தோம். இரவில் எந்த ரெஜிஸ்ட்ராரை நம்பி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். அட்டெண்டன்டுக்கு எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நாடுகளுக்கிடையே பொதுவாக்க வேண்டியது அந்தக் கையெழுத்தின் பெறுமதியை என்பேன். கொழும்பில் நாலாம் படி என்றால் லிஸ்பனிலும் அது நாலாம் படியாக இருக்க வேண்டும். அப்படியானால் கையெழுத்துப் போடுகிறவரையும், அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரியையும் வெளியார் வந்து பார்க்க வேண்டும். இங்கேதான் எல்லா நாட்டுக்கும் முகம் கறுக்கிறது. மாணவரை எவ்வளவு வேண்டுமானாலும் சோதியுங்கள் என்பார்கள், ஆஸ்பத்திரியைச் சோதிக்க வந்தால் கதவு பாதிதான் திறக்கும். பிரிட்டன் மருத்துவ சபை வருடா வருடம் பயிற்சி டொக்டர்களிடமே கேட்கிறது. மேற்பார்வை கிடைத்ததா, வேலைப் பளு தாங்கக்கூடியதா என்று. முடிவுகளை யாரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறது. இங்கேயும் அப்படிக் கேட்டால் செலவு பெரிதாக வராது. சில பெரியவர்களின் தூக்கம் கெடும், கெடட்டும்.

மகள் விஷயம். 1980இல் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வருவதற்கு முன்பு, நிபுணராக வேண்டுமென்றால் பெரும்பாலும் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது பட்டம் இங்கேயே. வெளியே போவது வேறு ஊரில் இதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று கையால் செய்து பார்த்துவர. அனுப்புங்கள். டெங்குவில் இரத்தநீர் கசியும் கட்டத்தில் சேலைனை மணிக்கு மணி அளந்து கொடுப்பதும், கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றவரை வென்டிலேட்டரில் வைத்து எழுப்பி அனுப்புவதும் அவளுக்குத் தெரியும். போகிற ஊரில் அநேகருக்குத் தெரியாது. பொதுத் தரம் எழுதும் மேசையில் நம்மவர் ஒருவரும் இல்லாவிட்டால், இந்த இரண்டும் அந்தத் தாளில் ஏறாது.

தரம் பொதுவானால் நமது டொக்டர்கள் எல்லோரும் பிளேன் ஏறிவிடுவார்களே! நாமே கதவைத் திறந்துவிடுவதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

மாஸ்டர், 2022 நெருக்கடிக்குப் பிறகு போனவர்கள் பொதுத் தரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சம்பளம், மருந்துத் தட்டுப்பாடு, பிள்ளைகளின் படிப்பு. அரசாங்கத்துக்குப் பிணை எழுதிக் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனவர்களிலேயே திரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

யார் வைக்கும் தரம் என்பதைப் பாருங்கள். தூரத்து நாடு வைத்த தரம் என்றால், அதை எட்டிப் பிடித்தவர் அந்த நாட்டுக்கே போவார். கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க நாடுகள் வேறு வழி எடுத்தன. 1999இல் தங்களுக்குள் சேர்ந்து ஒரு சத்திரசிகிச்சைக் கல்லூரி தொடங்கின. அதற்குக் கட்டடம் முக்கியமில்லை. மாணவர் தன் நாட்டு ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்துகொண்டு படிக்கிறார். பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லா நாட்டுக்கும் ஒன்று, ஆஸ்பத்திரிக்கும் அங்கீகாரம் வாங்க வேண்டும். அந்தப் பிராந்தியத்தில் பயின்ற சத்திரசிகிச்சை நிபுணர்களைத் தேடி எண்ணிய ஆய்வில், நூற்றுக்கு 80இற்கு மேற்பட்டவர்கள் பயின்ற நாட்டிலேயே இருந்தார்கள். தெற்காசியாவிலும் இதைச் செய்யலாம். பாம்பும் டெங்குவும் நம் எல்லோருக்கும் பொது. அதைப் பேசக் கூடும் கூட்டத்துக்கு விசா எடுப்பதுதான் பெரும்பாடு.

மயக்க மருந்துத் துறையில் பயிற்சியில் இருக்கிறேன். ஐரோப்பிய டிப்ளோமா பரீட்சை எழுதினால் ஜெர்மனியில் வேலை கிடைக்குமா? வெளிநாட்டுப் பயிற்சிக்கு இடம் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– ரெஜிஸ்ட்ரார், மருதானை

தம்பி, அந்த டிப்ளோமா நல்ல பரீட்சை. எழுத்து ஒரு பகுதி, வாய்மொழி ஒரு பகுதி. சுவிட்சர்லாந்து போன்ற சில நாடுகள் அதைத் தங்கள் பரீட்சைக்குப் பதிலாகவே பயன்படுத்துகின்றன. ஆனால் அது லைசன்ஸ் இல்லை. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி வேண்டும், டொக்டர்மாருக்கென்று தனி மொழிப் பரீட்சையும் வேண்டும். உமது எம்.பி.பி.எஸ்.ஸை அவர்களுடைய படிப்புக்குச் சமமாக ஏற்காவிட்டால் அறிவுப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும். நிபுணர் என்ற அங்கீகாரத்தை அந்தந்த மாநில மருத்துவர் சபை தனியாகப் பார்க்கும்.

இடம் தேடுவதற்கு, மேலே சொன்ன ஐரோப்பிய மருத்துவ நிபுணர்கள் ஒன்றியம் துறை துறையாக வெளியிட்டிருக்கும் பயிற்சித் தேவைகள் என்ற ஆவணத்தைப் பாரும். இலவசம். மூன்று பகுதி இருக்கும். பயில்பவருக்கு, பயிற்றுபவருக்கு, பயிற்சி நிலையத்துக்கு. எல்லோரும் முதல் பகுதியோடு மூடிவிடுவார்கள். நீர் மூன்றாவதிலிருந்து தொடங்கும். பிறகு போக நினைக்கும் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளும். அந்த நாட்டு மருத்துவ சபையில் எனக்குப் பதிவு கிடைக்குமா, அல்லது கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறவனாக மட்டும் நிற்க வேண்டுமா? இரவு ஒன்கோல் லிஸ்டில் என் பெயர் இருக்குமா? அந்த இரவில் என்னோடு யார் நிற்பார், காலையில் யார் கையெழுத்துப் போடுவார்? பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளும், போனில் சொன்னால் போதாது.