வாசகர் கேள்விகள்: நெருப்புக்கு உயிர் உண்டா?

கேள்வி: நெருப்பு வளர்கிறது, பரவுகிறது, ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பாடநூல் சொல்லும் உயிரினப் பண்புகளில் பாதிக்கு மேல் பொருந்தியும் அதை ஏன் உயிரற்றது என்கிறோம்?

பதில்: உங்கள் வாதத்தில் பிழையில்லை, குறை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அசைதல், சுவாசித்தல், உணவு கொள்ளுதல், கழிவு நீக்குதல், வளர்தல், தூண்டலுக்குத் துலங்குதல், இனப்பெருக்கம் என்று நாம் மனப்பாடம் செய்த ஏழும் உயிரினங்களைப் பார்த்து எழுதிய வருணனையே தவிர, உயிருக்கான இலக்கணம் அல்ல. கோவேறு கழுதை குட்டி ஈனுவது மிக மிக அரிது. அதற்காக அதை உயிரற்றது என்று எவரும் சொல்வதில்லை. இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-இல் முளைவிட்டது; அத்தனை நூற்றாண்டுகளும் அது அசையவுமில்லை, வளரவுமில்லை.

இனி நெருப்புக்கு வருவோம். ஒரு மெழுகுவர்த்திச் சுடரிலிருந்து விறகைப் பற்றவைத்தால், அந்தத் தீயின் நிறமும் புகையும் வெப்பமும் விறகாலும் காற்றாலும் அமைகின்றனவே ஒழிய, பற்றவைத்தது மெழுகுச் சுடரா, எண்ணெய் விளக்கா என்பதற்கான சுவடு அதில் துளியும் தங்குவதில்லை. மாறாக, ஒரே சர்க்கரைக் கரைசலை இரண்டு பாத்திரங்களில் ஊற்றி, ஒன்றில் ஈஸ்ட்டையும் மற்றொன்றில் பாக்டீரியாவையும் இட்டுப் பாருங்கள்: தின்பது ஒரே சர்க்கரைதான் என்றாலும், ஈஸ்ட்டிலிருந்து ஈஸ்ட்டும் பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுமே பெருகுகின்றன. தாய் செல் விட்டுச்செல்லும் மரபுக்குறிப்பும், அதை நகலெடுக்கையில் நேர்ந்து அடுத்த தலைமுறைக்கும் தொடரும் சிறு பிழைகளுமே பரிணாமத்துக்கு அடிப்படை. நெருப்புக்குப் பரம்பரை கிடையாது. தன் உள்ளே நிலவும் சூழலைச் சீராக வைத்துக்கொள்ள ஒரு சவ்வும் கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் வைரஸை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பதில்: 1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் பிரித்தெடுத்து, உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகத்தை நீரில் கரைத்து இலையில் தேய்த்தபோது செடிக்கு மீண்டும் தேமல் கண்டது. வைரஸிடம் மரபுக்குறிப்பு உண்டு, பரிணாமமும் உண்டு; ஆனால் செல்லோ, உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் சொந்த வளர்சிதை மாற்றமோ இல்லை. எல்லைக்கோட்டைப் போட்டவர்கள் நாம். வைரஸ் நம்மைக் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. ஆகவே, அதைக் கோட்டின் மேலேயே விட்டுவிடுவது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

கேள்வி: உயிரிலிருந்தே உயிர் தோன்றும் என்று பாஸ்டர் நிரூபித்துவிட்டார். பிறகு முதல் உயிர் எதிலிருந்து வந்தது?

பதில்: அவர் எதை நிரூபித்தார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அழுகிய இறைச்சியில் புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்ற நம்பிக்கையை, ஜாடியின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, ஈக்கள் இறைச்சியைத் தொடாமல் தடுத்ததன் மூலம் 1668-இலேயே இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி உடைத்துவிட்டார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், பாஸ்டர் அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்த குழாயுடைய குடுவையில் ஊட்டச்சாற்றைக் கொதிக்கவைத்தார். காற்று உள்ளே போய்வந்தும், தூசி வளைவிலேயே தங்கிவிட்டதால் சாறு தெளிவாகவே இருந்தது. கழுத்தை உடைத்ததும் கலங்கிப்போனது. நுண்ணுயிர்கள் சாற்றில் தாமாக முளைப்பதில்லை என்பதற்கு இது சான்று. 454 கோடி ஆண்டு வயதுள்ள பூமியில், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிர் இருந்ததற்கான தடயங்கள் மேற்கு ஆஸ்திரேலியப் பாறைகளில் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய கோடிக்கணக்கான ஆண்டுகளில் வேதிப்பொருள்கள் என்ன செய்திருக்கும் என்பதைப் பற்றி அந்தக் குடுவை எதுவும் சொல்லவில்லை.

ஆக்சிஜன் இல்லாத ஆதி வளிமண்டலத்தில் கரிமச் சேர்மங்கள் உருவாகிக் கடலில் சேர்ந்திருக்கும் என்று 1924-இல் சோவியத் உயிர்வேதியியலாளர் ஒபாரினும் 1929-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேனும் தனித்தனியே கருதினர். அதைச் சோதித்தவர், அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரேயின் மாணவரான ஸ்டான்லி மில்லர். மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவை சுழலும் கண்ணாடிக் கருவியில் அவர் மின்பொறியைப் பாய்ச்சியபோது, முதல் நாளிலேயே நீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் அடர்சிவப்பாகிக் கலங்கியது. அதில் புரதத்தின் கட்டுமானப் பொருள்களான கிளைசின், அலனின் முதலிய அமினோ அமிலங்கள் இருந்தன என்று 1953-இல் அறிவித்தார். ஆதி வளிமண்டலத்தின் கலவை அவர் வைத்ததைப் போல இருந்திருக்காது என்ற மறுப்பு பின்னர் வலுத்தது. ஆனாலும் 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் கிடைத்ததால், செங்கல்லுக்குப் பஞ்சமில்லை என்பது உறுதியாயிற்று.

வீடு கட்டுவதில்தான் சிக்கல். புரதத்தை உண்டாக்க டிஎன்ஏவின் குறிப்பு வேண்டும். டிஎன்ஏவை நகலெடுக்கப் புரதம் வேண்டும். டிஎன்ஏவின் நெருங்கிய உறவினரான ஆர்என்ஏ குறிப்பைச் சுமப்பதோடு வினையூக்கியாகவும் செயல்படும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டறிந்து, 1989-இல் நோபல் பரிசு பெற்றனர். அதனால் முதலில் வந்தது ஆர்என்ஏவே என்பது ஒரு தரப்பு. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளின் கனிமச் சுவர்களில் வளர்சிதை வினைகளே முதலில் தொடங்கின என்பது மறுதரப்பு. உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்து ஒரு முழுச் செல்லை இதுவரை எந்த ஆய்வகமும் உருவாக்கவில்லை. உயிர் ஒரு குறிப்பிட்ட நொடியில் பிறந்தது என்பதைவிட, வைரஸைப் போல இரண்டுங்கெட்டான் நிலையில் நெடுங்காலம் இருந்து படிப்படியாக உயிரானது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கேள்வி: விண்வெளியிலிருந்து உயிர் வந்திருக்கலாம் அல்லவா?

பதில்: ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் முதல் பலர் அப்படிக் கருதியதுண்டு. வந்திருந்தாலும், அங்கே எப்படித் தோன்றியது என்று அடுத்த வாரம் நீங்களே கேட்பீர்கள்.

கேள்வி: இன்று ஏன் புதிதாக உயிர் தோன்றுவதில்லை?

பதில்: 1871-இல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்: வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையில் இன்றைக்கு ஒரு புரதச் சேர்மம் உருவானாலும், ஏற்கெனவே இருக்கும் உயிரினங்கள் உடனே அதைத் தின்றுவிடும். அவர் சொல்லாத ஒன்றும் உண்டு: அவை விட்டுவைத்தாலும், காற்றில் நிறைந்துள்ள ஆக்சிஜன் அதைச் சிதைத்துவிடும். அந்த ஆக்சிஜனும் உயிரினங்கள் வெளியிட்டதுதான்.