ஆபீஸ் ஆப்பும் ஒன்பதரை மணி மீட்டிங்கும்

கேள்வி: எங்கள் கம்பெனியில் ‘இதய நலத் திட்டம்’ என்று ஒரு ஆப்பை எல்லோர் போனிலும் போடச் சொல்கிறார்கள். தினமும் 10,000 அடி நடந்தால் பாயின்ட், வாரம் ஒரு ஆன்லைன் வகுப்பு, பிரஷர் அளவையும் அதில் பதிய வேண்டுமாம். ராத்திரி ஒன்பதரைக்கு மீட்டிங் வைப்பதும் இதே கம்பெனிதான். இதில் இதயத்துக்கு நிஜமாகவே பலன் உண்டா?
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: ஒன்பதரை மணி மீட்டிங் என்று எழுதினீர்களே, பாதி பதில் அங்கேயே வந்துவிட்டது.

முதலில் ஆப். அமெரிக்காவில் பிஜேஸ் என்ற பெரிய கடைக் குழுமத்தின் 160 கிளைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பொறுக்கிய சில கிளைகளுக்கு மட்டும் இப்படியொரு நலத்திட்டத்தைக் கொடுத்து, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டு ஒன்றரை வருஷம் கவனித்தார்கள். அதுவும் ஆப் இல்லை, டயட்டீஷியன்களே நடத்திய திட்டம். 2019-ல் முடிவு வந்தது. ‘ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறேன்’ என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள், ஆனால் பிரஷர், கொலஸ்ட்ரால், எடை எதிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் செய்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இந்த மாதிரித் திட்டங்களில் ஆர்வமாக வந்து சேருகிறவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவர்கள். அவர்களை மட்டும் கணக்கெடுத்தால் எந்த ஆப்பும் அமோக வெற்றிதான்!

அந்த 10,000-ம் டாக்டர் கொடுத்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவிக்குப் ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பேர் வைத்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. பிள்ளையைத் தூளியில் ஆட்டும்போது வாட்ச் கையில் இருந்தால்கூட எண்ணிக்கை ஏறும், கவனித்திருப்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது மீட்டிங். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35–40 மணி நேரக்காரர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. எச்.ஆர். கருத்துக் கேட்டு ஃபார்ம் அனுப்புவார்கள் இல்லையா, அதில் இதை எழுதிவிட்டு ஏழு மணிக்கு மேல் மீட்டிங் வேண்டாம் என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அதற்காக ஆப்பைத் தூக்கிப்போட வேண்டாம். பிரஷர் பார்க்க ஞாபகப்படுத்துகிறது என்றால் அந்த ஒன்றுக்காகவே வைத்துக்கொள்ளலாம். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். வீட்டில் அடிக்கடி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போங்கள். பதியும் அளவு உங்கள் மேனேஜர் கண்ணில் படுமா என்பதையும் மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்வி: நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. வாட்சில் இசிஜி பார்த்தேன், நார்மல் என்று வந்தது. விட்டுவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. வாட்ச் பார்ப்பது துடிப்பின் தாளத்தை மட்டும்தான், ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. ஆஸ்பத்திரி இசிஜி 12 கோணத்தில் பார்க்கும். இன்றே போய் எடுத்துவிடுங்கள். மறுபடி அடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு நீங்களே கிளம்பாமல் 108-க்குப் போன் போடுங்கள்.